மூரேயாத் தீவின் மரநத்தைகள்



எங்கள் பள்ளியின் பின்புறத்தில் ஒரு சிறிய காய்கறித் தோட்டம் உண்டு. வெண்டை, பயிற்றங்காய், கீரை முதலியவற்றை மாணவர்களே பயிரிட்டு வளர்த்து வருகின்றனர். மழை தொடங்கிவிட்டால் அத்தோட்டத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் பெருகிவிடும். மலாய்மொழியில் 'சிப்புட் பாபி' என்று நாம் அனைவரும் அறிந்திருக்கும் அதே நத்தைதான். ஒரே இரவில் ஒரு பாத்திக் கீரையைத் தின்று தீர்த்துவிடும். எனவே ஒருநாள், தோட்டப் பொறுப்பாசிரியரான நான், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கையுறைகளையும் உப்புப் போட்ட வாளியையும் கொடுத்து, "கண்ணில் படும் நத்தைகளையெல்லாம் பொறுக்கி இதில் போடுங்கள்" என்று பணித்தேன்.

அரை மணி நேரத்தில் வாளி பாதி நிறைந்துவிட்டது. அப்போது ஒரு மாணவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயா, இது மட்டும் வேற மாதிரி இருக்கே. இதுவும் கெட்ட நத்தையா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். விரல்நுனி அளவே இருந்த, இளமஞ்சள் நிறமுடைய மெல்லிய ஓடு. வேலியோரச் செம்பருத்தி இலையின் அடியிலிருந்து யாரோ ஒரு மாணவன் அதை எடுத்து வந்திருக்கிறான். எங்கள் கீரைக்குத் தீங்கு செய்த பெருநத்தைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் அதை வெளியே எடுப்பதற்குள் உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

"தெரியாமல் விழுந்துவிட்டது, அம்மா" என்று அவளிடம் சொல்லிச் சமாளித்தேன். ஆனால், அது நேர்மையான பதிலன்று. 'எல்லா நத்தைகளையும்' என்று கட்டளையிட்டவன் நானே. அன்றிரவு, எப்போதோ படித்திருந்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்து என்னை உறுத்தியது. பசிபிக் பெருங்கடலில் ஒரு தீவில் இதே ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிப்பதற்காகச் செய்த ஒரு செயலால், அத்தீவுக்கே உரிய மரநத்தைகள் பத்தே ஆண்டுகளில் இல்லாமற் போயின. அவ்வரலாற்றை இங்கே எழுதுகிறேன். வகுப்பறையில் சொல்லத் தக்க கதை என்பதனால் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

குட்டி ஈனும் நத்தை

பசிபிக் பெருங்கடலின் நடுவே, பிரெஞ்சுப் பொலினீசியாவில், சொசைட்டித் தீவுகள் என்றொரு தீவுக்கூட்டம் உள்ளது. தாஹிட்டி, மூரேயா, ரையத்தேயா, ஹுவாஹினே முதலியன அவற்றுள் சில. கடலடி எரிமலைகள் கக்கிய குழம்பால் உருவான தீவுகள் இவை. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்தவை அல்ல. இத்தீவுகளின் ஈரமான பள்ளத்தாக்குகளில் 'பார்த்துலா' எனப்படும் மரநத்தைகள் வாழ்ந்து வந்தன. சொசைட்டித் தீவுகளில் மட்டும் இவ்வகை நத்தைகளில் அறுபது அளவிலான இனங்கள் இருந்தன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை ரையத்தேயா என்னும் ஒரே தீவுக்கு உரியவை.

பார்த்துலா சிறிய உயிர். அதன் ஓடு பெரும்பாலும் இரண்டு செண்டிமீட்டர் உயரமே இருக்கும். பழுப்பு, மஞ்சள், வெண்மை, செம்பழுப்பு எனப் பல நிறங்களில் காணப்படும். சிலவற்றின் ஓட்டைச் சுற்றிக் கரிய பட்டைகள் ஓடும். பகலில் இலையின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு உறங்கும். இரவில் வெளிவந்து இலைகளின் மேல் படிந்திருக்கும் பாசியையும் பூஞ்சையையும் அழுகிய இலைப் பகுதிகளையும் மேயும். பயிருக்கு எந்தத் தீங்கும் செய்யாது.

நாம் அறிந்த நத்தைகள் பெரும்பாலும் முட்டையிடுபவை. பார்த்துலாவோ குட்டி ஈனும். முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, சின்னஞ்சிறு ஓட்டுடன் குட்டி வெளிவரும். அதுவும் ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றுதான். அடுத்த குட்டிக்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். உரோமர்கள் பிள்ளைப்பேற்றுக்குரிய தெய்வமாக வணங்கிய பார்த்துலாவின் பெயரையே இந்நத்தைக்கு அறிஞர்கள் சூட்டினர். ஆப்பிரிக்கப் பெருநத்தையோ ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். இந்த வேறுபாட்டைப் படிப்போர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

மாலையிலும் கப்பலிலும் ஏறிய ஓடுகள்

இந்நத்தைகளின் ஓடுகளை முதலில் விரும்பியவர்கள் அத்தீவுகளின் மக்களே. தாஹிட்டியில் வாழும் பார்த்துலா ஹயலினா என்னும் இனத்தின் ஓடு வெண்ணிறமானது. அவ்வெண்ணிற ஓடுகளைக் கோத்து மாலையாக அணிவது அவர்கள் வழக்கம். சொசைட்டித் தீவுகளின் மற்ற நத்தை இனங்கள் பெரும்பாலும் ஒரே தீவுக்குள் அடங்கியிருக்க, இந்த வெள்ளை நத்தை மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆஸ்திரல் தீவுகளிலும் குக் தீவுகளிலும் காணப்படுகிறது. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், பழங்காலப் பொலினீசிய மக்கள் தங்கள் படகுகளில் அதை எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று 2007இல் எழுதினர். அழகிய ஓட்டுக்காக ஒரு நத்தை கடல் கடந்திருக்கிறது!

ஐரோப்பியர் வந்தது அதற்கு மிகப் பிற்பாடு. 1769ஆம் ஆண்டில் கேப்டன் ஜேம்ஸ் குக், வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் காட்சியை ஆராய்வதற்காகத் தாஹிட்டிக்கு வந்தார். பின்னர் எண்டெவர் என்னும் அவரது கப்பல் ரையத்தேயாத் தீவிலும் நங்கூரமிட்டது. அப்பயணத்தின்போது அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஓர் ஓடு மொச்சை விதையைப்போல் பழுப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தது. அதற்கு மொச்சை எனப் பொருள்படும் 'ஃபாபா' என்ற பெயரே நிலைத்தது. பார்த்துலா ஃபாபா என்னும் அந்த மொச்சை நத்தையே ஐரோப்பிய அறிவியல் அறிந்த முதல் பார்த்துலா. அதன் முடிவைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

ஓட்டை அளந்த பேராசிரியர்

அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பர்னார்ட் கல்லூரியில் ஹென்றி எட்வர்ட் கிராம்ப்டன் (1875-1956) என்றொரு பேராசிரியர் இருந்தார். 1906ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாகத் தாஹிட்டிக்குச் சென்றார். அதன்பின் பார்த்துலாவே அவரது வாழ்க்கைப் பணியாயிற்று. மீண்டும் மீண்டும் அத்தீவுகளுக்குச் சென்று, ஒவ்வொரு பள்ளத்தாக்காக ஏறி இறங்கி நத்தைகளைத் திரட்டினார். 1916இல் தாஹிட்டியைப் பற்றியும், 1925இல் மரியானாத் தீவுகளைப் பற்றியும், 1932இல் மூரேயாவைப் பற்றியும் மூன்று பெரிய நூல்களை வெளியிட்டார்.

மூரேயா, தாஹிட்டிக்கு வடமேற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீவு. பரப்பளவு சுமார் 134 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவில் பாதிக்கும் குறைவு. நடுவே உயர்ந்த மலைமுகடுகள். அவற்றிலிருந்து கடலை நோக்கி விசிறிபோல் இறங்கும் பள்ளத்தாக்குகள். அத்தனை சிறிய தீவில் ஏழு பார்த்துலா இனங்கள் வாழ்ந்தன.

ஒரு பள்ளத்தாக்கில் வாழும் நத்தையின் ஓடும் அடுத்த பள்ளத்தாக்கில் வாழும் நத்தையின் ஓடும் நிறத்திலும் அளவிலும் வேறுபட்டிருப்பதைக் கிராம்ப்டன் கண்டார். அதே மழை, அதே வெயில், ஏறக்குறைய அதே மரங்கள். நடுவே ஒரு மலைமுகடுதான். நத்தை மலைமுகட்டை எளிதில் கடப்பதில்லை. பிரிந்து வாழும் கூட்டங்கள் காலப்போக்கில் தம்போக்கில் வேறுபட்டுவிடுகின்றன என்பது அவரது முடிவு. புதிய இனங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்னும் பெரிய கேள்விக்கு விடைதேட இதைவிட நல்ல இயற்கைக்கூடம் கிடைப்பது அரிது.

அவர் எவ்வாறு அளந்தார் என்பது ஆசிரியர்களாகிய நம் கவனத்துக்கு உரியது. பார்த்துலா முழு வளர்ச்சி அடைந்ததும் அதன் ஓட்டின் வாய்விளிம்பு வெளிப்புறமாக மடங்கித் தடித்துவிடும். அதன்பின் ஓடு வளராது. ஆகவே விளிம்பைப் பார்த்தாலே அது முதிர்ந்த நத்தை என்று தெரிந்துவிடும். முதிர்ந்தவற்றை மட்டும் எடுத்து அவற்றின் நீளம், அகலம், வாயின் அளவு, நிறம், சுருளின் திசை ஆகியவற்றைப் பள்ளத்தாக்குவாரியாகப் பதிவு செய்தார். எத்தனை நத்தைகளின் வயிற்றில் குட்டிகள் இருந்தன என்பதையும் எண்ணினார். கணினி இல்லாத காலம். ஆயிரக்கணக்கான ஓடுகளின் அளவுகளையும் சராசரிகளையும் கையாலேயே கணக்கிட்டார்.

பிற்காலத்தில் வருவோர் அதே பள்ளத்தாக்குகளுக்குச் சென்று அளந்து பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் நத்தைகள் எவ்வாறு மாறியுள்ளன என்பதைக் கண்டறியலாம். அதற்கு ஒரு தொடக்கக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் தம் வாழ்நாளைச் செலவிட்டு எழுதி வைத்தார் கிராம்ப்டன்.

வலம்புரியும் இடம்புரியும்

கிராம்ப்டனுக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்தவர்களுள் இங்கிலாந்தின் பிரையன் கிளார்க், அமெரிக்காவின் ஜேம்ஸ் மரே, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மைக்கேல் ஜான்சன் ஆகிய மூவர் குறிப்பிடத் தக்கவர்கள். கிளார்க்கும் மரேயும் 1960களிலேயே மூரேயாவில் ஆய்வைத் தொடங்கிவிட்டனர்.

அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஓட்டின் சுருள் திசையும் ஒன்று. சங்கில் வலம்புரி, இடம்புரி என இரு வகை உண்டென்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். (நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடச்சுருள் ஓடு என்பர். அவர்கள் ஓட்டின் கூர்நுனியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். நம் மரபிலோ அந்நுனி கீழே இருக்கும். அதுவே பெயர் மாறுவதற்குக் காரணம்.) பெரும்பாலான நத்தை இனங்களில் எல்லா நத்தைகளும் ஒரே திசையில்தான் சுருளும். ஆனால் மூரேயாவின் பார்த்துலா சுட்யூராலிஸ் என்னும் இனத்தில் இரு வகையும் இருந்தன. அதே இடத்தில் ஒரு பக்கமாகச் சுருளும் வேறோர் இனம் வாழ்ந்தால், இது மறுபக்கமாகச் சுருளும். சுருள் திசை மாறுபட்ட நத்தைகள் இணைவது கடினம். ஆதலால் இரு இனங்களும் கலந்துவிடாமல் காக்கும் வேலியாக அந்த ஓட்டின் திருகலே அமைந்தது. அத்துடன், குட்டியின் ஓடு எத்திசையில் சுருளும் என்பதைத் தீர்மானிப்பது குட்டியின் மரபணு அன்று, தாயின் மரபணுவே என்பதும் கண்டறியப்பட்டது.

இத்தகைய அதிசயம் நம் நாட்டிலும் உண்டு. தெரெங்கானு மாநிலத்தின் கப்பாஸ் தீவில் ஆம்பிட்ரோமஸ் இன்வெர்சஸ் என்னும் மரநத்தை வாழ்கிறது. அதன் கூட்டத்திலும் வலச்சுருள், இடச்சுருள் என இரு வகை நத்தைகளும் ஒன்றாக வாழ்கின்றன. விடுமுறையில் கடற்கரைக்காக அங்கே செல்வோர் பலர். அடுத்த முறை செல்லும்போது மரக்கிளைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பெருநத்தையின் பயணம்

இனி, மற்றொரு நத்தையின் வரலாற்றைப் பார்ப்போம்.

ஆப்பிரிக்கப் பெருநத்தை கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. மனிதரின் கையால் அது மொரீசியஸ் முதலிய இந்துமாக்கடல் தீவுகளுக்குச் சென்றது. 1847ஆம் ஆண்டில் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேய நத்தை ஆய்வாளர் மொரீசியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்த நத்தைகள் அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. 1900ஆம் ஆண்டில் அது இலங்கையை அடைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் ஜப்பானியர் அதை உணவுக்காகத் தாங்கள் ஆண்ட தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். இப்படி நாடு நாடாகச் சென்ற நத்தை 1967ஆம் ஆண்டில் தாஹிட்டியில் காலூன்றியது. விரைவிலேயே மூரேயாவுக்கும் பரவியது. மக்களின் தோட்டங்களைத் தின்று அழித்தது.

ஓர் உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். அத்தீவு மக்களின் துன்பம் கற்பனையன்று. பயிர் போனது, வீட்டுச் சுவர்களிலும் பாதைகளிலும் நத்தைகள் மொய்த்தன. அரசு ஏதேனும் செய்தாக வேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்ததில் தவறில்லை. பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்திக் கீரை போனதற்கே நான் உப்பு வாளியைத் தூக்கினேன் அல்லவா?

மருந்தாக வந்த நத்தை

அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பகுதியில் யூக்ளாண்டினா ரோசியா என்னும் நத்தை உண்டு. இளஞ்சிவப்பு நிறங்கொண்ட நீண்ட ஓடு உடையது. இலைதழைகளைத் தின்னாமல் மற்ற நத்தைகளைப் பிடித்துத் தின்னும். ஆங்கிலத்தில் இதை ஓநாய் நத்தை என்று அழைப்பர். மற்ற நத்தைகளைவிட விரைவாக நகரும். வாயின் இருபுறமும் மீசைபோல் நீண்டிருக்கும் உறுப்புகளால், வேறொரு நத்தை விட்டுச்சென்ற சளித் தடத்தை முகர்ந்து, அதன்வழியே மரத்தின் மேலும் ஏறித் தேடிப் பிடிக்கும். சிறிய நத்தையானால் ஓட்டோடு விழுங்கிவிடும்.

நத்தையை நத்தையாலேயே ஒழிக்கலாம் என்று கருதி, 1955ஆம் ஆண்டில் இதை ஹவாயித் தீவுகளில் விட்டனர். அங்கும் அழகிய ஓடுகளை உடைய மரநத்தைகள் இருந்தன. வேட்டை நத்தை அவற்றைத் தின்னத் தொடங்கிற்று. 1960களிலேயே சில அறிஞர்கள் இதைக் குறித்து எச்சரித்தனர். ஆயினும் 1974ஆம் ஆண்டில் தாஹிட்டியிலும், 1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூரேயாவிலும் அதே வேட்டை நத்தை அரசின் ஒப்புதலுடன் விடப்பட்டது.

அதன்பின் நடந்தது என்ன? பெருநத்தையின் ஓடு 20 செண்டிமீட்டர் வரைகூட வளரும். வேட்டை நத்தைக்கோ சிறிய நத்தைகளே விருப்பம். மரத்தின் மேல் இரண்டு செண்டிமீட்டர் அளவில், தற்காத்துக்கொள்ளும் வழியேதும் அறியாத பார்த்துலாக்கள் இருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வீதம் வேட்டை நத்தை மூரேயாவில் பரவியது. அது சென்ற பள்ளத்தாக்குகளில் பார்த்துலாக்கள் மறைந்தன. ஒரு தடவைக்கு ஒரே குட்டி ஈனும் உயிர், தின்னப்படும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. ஆப்பிரிக்கப் பெருநத்தையோ ஒழியவில்லை. அதன் எண்ணிக்கை சில இடங்களில் குறைந்தபோதும், அதற்கு வேட்டை நத்தைதான் காரணம் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

கிளார்க், மரே, ஜான்சன் மூவரும் 1984ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டு உலகுக்கு இச்செய்தியை அறிவித்தனர். 1987ஆம் ஆண்டில் மூரேயாவில் தேடியபோது உயிருள்ள ஒரு பார்த்துலாகூட அவர்கள் கண்ணில் படவில்லை. பிற்காலத் தேடலில் ஒரே ஓர் இனத்தின் சிறு எச்சம் மட்டும் கிடைத்தது. ஏழு இனங்கள் வாழ்ந்த தீவு அது. கிராம்ப்டன் அரை நூற்றாண்டு காலம் எழுதிய கணக்கைத் தொடர்ந்து எழுத இருபதாண்டுகளுக்கும் மேலாக உழைத்தவர்கள், கடைசியில் அதை மூட வேண்டியவர்களாயினர். ரையத்தேயாவிலும் 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் இதே கதை மீண்டும் நடந்தது.

பெட்டிக்குள் வாழ்ந்த இனங்கள்

காடு கைவிட்டுப் போவதைக் கண்ட அறிஞர்கள், 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் எஞ்சியிருந்த நத்தைகளைப் பொறுக்கிப் பெட்டிகளில் வைத்து வெளிநாடுகளுக்கு எடுத்துச் சென்றனர். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கிளார்க் அவற்றை வளர்த்தார். இலண்டன், எடின்பரோ முதலிய உயிரியல் பூங்காக்களும் பொறுப்பேற்றன. ஈரத்தாள் விரித்த சிறு நெகிழிப் பெட்டிகள். ஓட்ஸ் மாவும் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச்சத்தும் கலந்த உணவு. அளந்து வைத்த வெப்பம். ஓர் இனத்தின் மொத்த உயிரும் ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிட்ட காலமது.

எல்லா இனங்களையும் காப்பாற்ற முடியவில்லை. பார்த்துலா துர்கிடா என்னும் இனத்தின் கடைசி நத்தை 1996ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் இலண்டன் உயிரியல் பூங்காவில் இறந்தது. ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி அக்கூட்டத்தையே அழித்துவிட்டது. குக்கின் பயணத்தில் கிடைத்த மொச்சை நத்தையின் கடைசி உயிர் 2016ஆம் ஆண்டில் எடின்பரோ உயிரியல் பூங்காவில் பிரிந்தது. 1769இல் அறியப்பட்டு 2016இல் முடிந்தது அதன் வரலாறு. இன்று அதன் ஓடுகளை அருங்காட்சியகங்களில் மட்டுமே காணலாம்.

மூரேயாவில் 1994ஆம் ஆண்டில் காட்டின் ஒரு சிறு பகுதியைச் சுற்றி, மின்கம்பியும் உப்பு நிரப்பிய கால்வாயும் கொண்ட வேலி அமைத்து, பார்த்துலாக்களை உள்ளே விட்டுப் பார்த்தனர். வேட்டை நத்தை உள்ளே புகுந்துவிட்டது. அம்முயற்சி தோற்றது. ஆனாலும் பூங்காக்களில் பெட்டிகளைத் துடைத்து, உணவு வைத்து, குட்டிகளை எண்ணும் வேலை நிற்கவில்லை. இனி ஒருபோதும் காட்டுக்குத் திரும்ப வாய்ப்பில்லை எனத் தோன்றிய ஆண்டுகளிலும் யாரோ சிலர் அதை நாள்தோறும் செய்துகொண்டிருந்தனர்.

வெள்ளை ஓட்டின் வலிமை

தாஹிட்டியில் ஒரு வியப்பு காத்திருந்தது. அங்கு வாழ்ந்த இனங்களுள் பெரும்பாலானவை அழிந்த பின்னரும், மாலை கோக்கப் பயன்பட்ட அந்த வெள்ளை நத்தை பல பள்ளத்தாக்குகளில் சிறு சிறு கூட்டங்களாகத் தப்பிப் பிழைத்திருந்தது. எப்படி?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அதற்கு விடை கண்டு 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களது பல்கலைக்கழகத்தில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள மிகச் சிறிய கணினி ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது. ஒளியை அளக்கும் அக்கருவியை வேட்டை நத்தைகளின் ஓட்டின் மேல் ஒட்டிவிட்டனர். வெள்ளை நத்தை பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் அதன்மேல் ஒட்டவில்லை. அது உறங்கும் இலையில் வைத்தனர். நண்பகலில் வெள்ளை நத்தை இருக்கும் இடத்தில் விழும் ஒளி, வேட்டை நத்தை இருக்கும் இடத்தைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு மிகுதி என்று தெரிந்தது. காட்டின் விளிம்பில் வெயில் படும் இடத்தை வேட்டை நத்தையால் தாங்க முடியாது, காய்ந்துவிடும். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் பார்த்துலா ஹயலினா அங்கே வாழ முடிகிறது. கருநிற ஓடுகளை உடைய அதன் உறவினங்களுக்கு அந்தப் புகலிடம் கிடைக்கவில்லை.

ஒரு காலத்தில் மனிதரின் கண்ணைக் கவர்ந்து கழுத்தில் ஏறிய அதே வெண்மைதான் பிற்காலத்தில் அதன் உயிரையும் காத்தது.

சிவப்புப் புள்ளி

2015ஆம் ஆண்டு முதல் பூங்காக்களில் பிறந்த பார்த்துலாக்களை மீண்டும் அத்தீவுகளின் காடுகளில் விட்டு வருகின்றனர். பல நாட்டு உயிரியல் பூங்காக்கள் சேர்ந்து செய்யும் பணி இது. பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான நத்தைகள் விமானமேறித் தங்கள் முன்னோரின் தீவுகளுக்குத் திரும்பியிருக்கின்றன. அனுப்பும் முன் ஒவ்வொரு நத்தையையும் எண்ணி, அதன் ஓட்டில் சிவப்புச் சாயத்தால் ஒரு புள்ளி வைக்கின்றனர். புற ஊதா ஒளியில் அப்புள்ளி ஒளிரும். இரவில் உலவும் உயிர் என்பதால், காட்டில் விளக்கடித்துத் தேடுவோர்க்கு அது உதவுகிறது.

2024ஆம் ஆண்டில் அவ்வாறு தேடியவர்கள் பார்த்துலா தொகிவேயானா என்னும் இனத்தைச் சேர்ந்த, முழு வளர்ச்சி அடைந்த நத்தைகளைக் கண்டனர். மூரேயாவின் மிக உயர்ந்த மலையான தொகிவேயாவின் பெயரைத் தாங்கிய இனம் அது. காடுகளில் அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. கண்டெடுத்த நத்தைகளின் ஓடுகளில் சிவப்புப் புள்ளி இல்லை. புள்ளி இல்லையென்றால், அவை பெட்டியில் பிறந்தவையல்ல. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவை! நாற்பதாண்டு உழைப்புக்குக் கிடைத்த முதல் விடை அது. வேட்டை நத்தை இன்னும் அக்காடுகளில் இருக்கிறது. நத்தைகளைத் தின்னும் நியூகினித் தட்டைப்புழு என்னும் புதிய பகையும் சேர்ந்திருக்கிறது. எனவே அபாயம் நீங்கிவிட்டதென்று யாரும் சொல்லவில்லை. எனினும் அவ்வினம் இப்போது மீண்டும் காட்டில் வாழும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

நம் வாளிக்குத் திரும்புவோம்

இவ்வரலாற்றைப் படிப்பவர் எளிதில் ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும். "அதிகாரிகள் அறிவில்லாமல் செய்துவிட்டார்கள்" என்பதே அது. நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் மக்களின் துன்பத்தைத் தீர்க்க முனைந்தவர்கள். ஆனால், 'நத்தை' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். பயிரைத் தின்னும் நத்தையும் பாசியை மேயும் நத்தையும் அவர்கள் கணக்கில் ஒன்றாயின. ஹவாயியில் என்ன நடந்தது என்று கேட்டறிந்திருந்தால், வேட்டை நத்தையை விடும் முன் காட்டுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தால், கிராம்ப்டனின் நூலை ஒருவரேனும் புரட்டியிருந்தால்... கேட்க வேண்டிய கேள்வி மிகச் சிறியது. என் மாணவி வாளியைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான்.

அடுத்த நாளே அவளைக் கூப்பிட்டு, "நேற்று நான் சொன்னது சரியில்லை, அம்மா. நத்தை தானாக வாளியில் விழவில்லை. எல்லாவற்றையும் போடச் சொன்னது என் தவறு" என்று வகுப்பின் முன் சொன்னேன். பிறகு மூரேயாவின் கதையைச் சொன்னேன். கதை முடிந்ததும் வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவன், "அப்படின்னா நம்ம தோட்டத்துல எத்தனை வகை நத்தை இருக்கு, ஐயா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டுப் பதிவேடாக்கினோம்.

இப்போது எங்கள் தோட்டத்தில் நடைமுறை மாறிவிட்டது. பெருநத்தை இன்றும் வாளிக்குத்தான் போகிறது, அதில் மாற்றமில்லை. ஆனால், மற்ற எந்த நத்தையைக் கண்டாலும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டும். எந்தச் செடியில், இலையின் மேலா அடியிலா, ஓடு எந்தப் பக்கம் சுருள்கிறது, வாய்விளிம்பு மடங்கியுள்ளதா என்று பதிவேட்டில் எழுதி, படமும் வரைய வேண்டும். பின்னர் அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அளவிடல், அட்டவணை, குறிவரைவு ஆகிய கணிதப் பாடங்களுக்கும் அப்பதிவேடு பயன்படுகிறது.

இதை வீட்டிலோ பள்ளியிலோ செய்ய விரும்பும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். நத்தைகளின் உடலிலும் சளியிலும் எலியின் வழியாக வரும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். அது மனிதருக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்க வல்லது. ஆகவே பிள்ளைகள் வெறுங்கையால் நத்தைகளைத் தொடக்கூடாது. கையுறை அணிய வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். தோட்டத்துக் கீரையை நன்கு அலசிச் சமைத்தே உண்ண வேண்டும்.

அந்த மாணவி ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவள் வரைந்த படம் இருக்கிறது. விரல்நுனி அளவுள்ள இளமஞ்சள் ஓடு. கீழே 'இடம்: செம்பருத்தி வேலி. எண்ணிக்கை: 1. உயிருடன் இல்லை' என்று எழுதியிருக்கிறாள். புதிதாக வரும் மாணவர்கள் அதைப் பார்த்துக் காரணம் கேட்கும்போதெல்லாம், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.